ஒன்பதா, முப்பத்தைந்தா?

அத்தியாயம் 11

போன வாரம் ஹரிஷா அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டதற்காக அவளைத் திட்டித் தீர்த்தவர்களுக்கு ஒரு வார்த்தை. திட்டுங்கள், உங்களுக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் இருபத்தேழு வயதில், முதன்முதலாகக் கிடைத்த பெரிய உத்தியோகத்தில், தகுதிகாண் காலம் முடிய இன்னும் மூன்று வாரமே இருக்கும்போது, மேலிடம் பேனாவை நீட்டினால் நம்மில் எத்தனை பேர் வாங்காமல் இருப்போம்?

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

சூரிச்சுக்குப் பக்கத்து டீட்டிகோனில் குடியிருக்கும் சிவலிங்கம், சூரிச் விமான நிலையத்தில் விமானங்களுக்குள் துப்புரவு செய்யும் ஒப்பந்தக் கம்பனியொன்றில் குழுத் தலைவர். இருபத்தேழு வருடமாக அதே வேலை. அவருடைய ஒரே மகள் ஹரிஷா, அதே விமான நிலையத்தில் சேபோம் எயர் என்ற கொரிய மலிவுக்கட்டண விமானக் கம்பனியின் அதிகாரி. விமானம் வந்து நின்றதிலிருந்து திரும்பக் கிளம்பும்வரை எந்த வேலைக்கு எத்தனை பேர், எத்தனை நிமிடம் என்று திட்டம் போடுவது அவள் பொறுப்பு.

கம்பனியின் முதலாவது சூரிச் விமானத்தைத் துப்புரவு செய்யப் பதினான்கு பேர் வேண்டும் என்று அவள் எழுதினாள். சியோல் தலைமையகம் அதை ஆறு என்று வெட்டி அனுப்பியது. அவள் கீழே கையெழுத்துப் போட்டாள். அந்த ஆறு பேர் யாருடைய குழு என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

கம்பனிக்குத்தான் தெரியாது.

சிவலிங்கத்தின் தகப்பன் பெயர் கந்தையா. ஆகவே சுவிஸ் பத்திரங்களில் அவர் 'ஹெர் கந்தையா', அதாவது திரு கந்தையா. ஹரிஷாவின் தகப்பன் பெயர் சிவலிங்கம். ஆகவே அவள் 'ஃப்ராவ் சிவலிங்கம்'. தகப்பன் பெயரைப் பிள்ளையின் பெயரோடு சேர்க்கும் நம்முடைய வழக்கம் இந்த நாட்டு ஆட்களுக்கு இன்னும் பிடிபடவில்லை. அவர்களைப் பொறுத்தவரை இவர்கள் இரண்டு வேறு குடும்பம். விமான நிலையத்தில் வேலை செய்யும் தமிழாட்கள் எல்லாருக்கும் உண்மை தெரியும், ஆனால் ஒருவரும் வாய் திறந்ததில்லை.

அப்படி இருக்கச் சொன்னது சிவலிங்கம்தான். "துப்பரவாக்கிறவன்ர மகள் எண்டு ஒருத்தரும் உன்னைப் பாக்கக்கூடாது" என்றார். ஒப்பந்தக் கம்பனிகளில் உறவினர் எவரும் உண்டா என்று வேலைப் படிவத்தில் கேட்ட இடத்தில் 'இல்லை' என்று அடையாளமிட வைத்ததும் அவர்தான். பிள்ளைக்கு நல்லது செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு நம் ஆட்கள் செய்கிற தப்பு இது. அதைச் செய்யும்போது அவர்கள் முகத்தில் ஒரு பெருமை வேறு இருக்கும்.

இனி, செவ்வாய்க்கிழமைக்கு வருவோம்.

* * *

காலை ஏழு மணி. சுகந்தி இரண்டு சாப்பாட்டுப் பெட்டிகளை மேசையில் வைத்தாள். வைத்தாள் என்பதைவிட இடித்தாள் என்பது சரி.

"ரெண்டிலயும் ஒரே புட்டு, ஒரே கத்தரிக்காய்க் குழம்பு. கொண்டுபோய் அப்பன் ஒரு மூலையில, மகள் ஒரு மூலையில இருந்து சாப்பிடுங்கோ. நல்ல குடும்பம்."

சிவலிங்கம் சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டே, "விடியக்காலமை தொடங்காதை" என்றார்.

"நான் தொடங்கேல்லை. நாலு வருசமா நடக்கிறதைச் சொல்லுறன். இவள் படிக்கேக்க செக்-இன் மேசையில நிண்ட காலத்தில இருந்து இதுதானே. ஏழே காலுக்கு ஒரு கோச்சி நீங்கள், ஏழரைக்கு அடுத்த கோச்சி அவள். ஒண்டா ஏறினால் கோச்சி பாரம் தாங்காதோ?"

ஹரிஷா தலை நிமிராமல் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். விமானம் சியோலுக்குப் பக்கத்து இஞ்சோனில் இருந்து நாற்பத்தைந்து நிமிடம் பிந்திக் கிளம்பியிருந்தது.

"அப்பா" என்றாள். "பிளேன் பிந்தி வருது. ஆறு பேரோட..."

"ஆறு பேரோட செய்வம்."

"ஏலாது அப்பா. எனக்குத் தெரியும். பதினாலு எண்டு நான்தானே எழுதினனான்."

"எழுதினதும் நீதான், பிறகு ஆறுக்குக் கையெழுத்து வைச்சதும் நீதான்" என்றார் சிவலிங்கம். குத்திக்காட்ட வேண்டுமென்று சொல்லவில்லை. ஆனாலும் அது குத்தியது. அவரும் அதைக் கவனித்து, "பயப்பிடாதை பிள்ளை. இருவத்தேழு வருசத்தில என்ர குழுவுக்கு ஒரு முப்பத்தஞ்சு விழேல்லை. இண்டைக்கும் விழாது" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை எடுத்தார்.

அந்த முப்பத்தைந்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். விமான உலகத்தில் ஒவ்வொரு தாமதத்துக்கும் ஒரு இலக்கம் உண்டு. விமானம் பிந்திக் கிளம்பினால், எதனால் பிந்தியது என்று அந்த இலக்கத்தைத் தாளில் எழுதியே தீர வேண்டும். முப்பத்தைந்து என்றால் துப்புரவுக்காரர்களால் வந்த தாமதம். ஒன்பது என்றால் கம்பனி போட்ட திட்டமே போதாது, கொடுத்த நேரம் குறைவு என்று அர்த்தம். ஒன்பது என்று எழுதக் கம்பனிகளுக்குக் கை வராது.

"நான் இண்டைக்கு லீவு" என்றாள் சுகந்தி. ஸ்பிரைட்டன்பாக்கில் ஒரு களஞ்சியத்தில் பொதி கட்டுகிற அவள் லீவு எடுப்பது வருடத்தில் இரண்டு முறைதான். "பார்வையாளர் மாடிக்கு வந்து பாக்கப்போறன்."

"நீ என்னத்துக்கு அங்க?"

"என்ர மகளின்ர முதல் பிளேன். டிக்கெட் எடுத்துக்கொண்டு நாலு சனத்தோட சனமா நிண்டு பாக்கிறன். அதுக்கும் தடையோ?"

சிவலிங்கம் வாசல் கதவைத் திறந்தார். ஏழே காலுக்கு ரயில்.

* * *

"எங்களிடம் அப்போது இரண்டே இரண்டு விமானம், மிஸ் சிவலிங்கம்" என்றார் குவோன்.

குவோன் சேபோம் எயரின் ஐரோப்பிய மேலாளர். நாற்பத்தைந்து வயது. காலையிலிருந்து நாலாவது தடவையாக இந்தக் கதையைச் சொல்கிறார். எரிபொருள் வண்டிக்காரனுக்கும் சொன்னார், படியடியில் நின்ற துப்புரவுக் குழுவுக்கும் சொன்னார். அவர்களுக்குத் தன் ஃபிராங்ஃபுர்ட் ஜெர்மனிலும், ஹரிஷாவுக்கு ஆங்கிலத்திலும். நமக்குத் தமிழில் கேட்டால் போதும்.

"இரண்டும் சுழலி வைத்த சின்ன விமானம். ஒன்றில் அறுபத்தாறு இருக்கை. நான் பணிப்பெண்களோடு ஒரே ஒரு ஆண் பணியாளன். ஒரு சின்ன ஊரிலிருந்து ஜெஜு தீவுக்கு ஒரு மணித்தியாலப் பறப்பு. இறங்கினால் இருபத்தைந்தே நிமிடத்தில் திரும்பக் கிளம்புவோம். குப்பை பொறுக்குவதும் நாங்கள்தான், இருக்கைப் பட்டியைச் சரிசெய்வதும் நாங்கள்தான், வாசலில் நின்று கும்பிடுவதும் நாங்கள்தான். பெரிய கம்பனிக்காரர்கள் எங்களை இறக்கை வைத்த பஸ் என்று சிரித்தார்கள்."

"பிறகு?" என்றாள் ஹரிஷா. தெரிந்த கதைதான். ஆனால் விமானம் இன்னும் தரையிறங்கவில்லை, நேரம் போக வேண்டும்.

"பிறகு எரிபொருள் விலை ஏறியது. கம்பனி விழுந்தது. ஒரு விமானத்தை வாடகைக்குத் தந்தவர்கள் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மற்றது ஓரமாக நின்றது. எட்டு மாதம் சம்பளம் இல்லை. பதினொரு பேர் மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து அந்த விமானத்தைக் கழுவினோம். செத்துப்போன விமானம் மாதிரி அது நிற்கக்கூடாது என்று எங்களுக்கு ஒரு வீம்பு. புதிய முதலாளி வந்து பார்த்தபோது அது பளபளத்தது. அவர் வாங்கினார். சேபோம் என்று பெயர் வைத்தார். புது வசந்தம் என்று அர்த்தம்."

அதற்குப் பிறகு நடந்ததை ஹரிஷாவே சொல்லிவிடுவாள். ஒரே வகை ஜெட் விமானங்களாக வாங்கினார்கள், அப்போதுதான் ஒரே உதிரிப்பாகம், ஒரே பயிற்சி போதும். சாப்பாட்டையும் போர்வையையும் விலைக்கு விற்றார்கள். ஜப்பானுக்குப் போனார்கள், வியட்நாமுக்குப் போனார்கள். கொரோனாவில் மறுபடி விழப்பார்த்துப் பிழைத்தார்கள். நாட்டின் இரண்டு பெரிய கம்பனிகள் ஒன்றாகச் சேர்ந்தபோது, போட்டி குறையாமல் இருக்கச் சில ஐரோப்பியப் பாதைகளை வேறு யாருக்காவது கொடுக்க வேண்டும் என்று வந்தது. இவர்களால் ஏலாது என்று எல்லோரும் சொன்னார்கள். இவர்கள் பெரிய விமானம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, அதன் வாலில் பச்சைத் தளிர் ஒன்றை வரைந்து, இதோ சூரிச்சுக்கு அனுப்பிவிட்டார்கள்.

விழுந்து எழும்பியவர்களை ஹரிஷாவுக்குப் பிடிக்கும். இந்த வேலைக்கு அவள் ஆசைப்பட்டதே அதற்காகத்தான். ஆனால் ஜெஜுவின் இருபத்தைந்து நிமிடத்தைப் பதின்மூன்று மணித்தியாலம் பறந்து வரும் விமானத்துக்கும் போட்டுப் பார்க்கிற அவர்களுடைய வீம்புதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

பன்னிரண்டு இருபத்தைந்துக்கு விமானம் வந்து நின்றது. அட்டவணைப்படி ஒன்று பத்துக்கு அது திரும்பக் கிளம்பியிருக்க வேண்டும்.

* * *

மேல் மாடியில் சுகந்தி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இருநூற்றைம்பது பேருக்குக் குறையாமல் இறங்கிப் போனார்கள். பிறகு சிவலிங்கம் தன் ஐந்து ஆட்களோடு படியில் ஏறுவது தெரிந்தது. மஞ்சள் மேலங்கிதான் தெரிந்தது, முகம் தெரியவில்லை. ஆனால் கல்யாணம் முடித்து முப்பது வருடம் ஆகிறது. இடது தோளை ஒருபக்கம் சரித்துக்கொண்டு நடக்கும் மனுசனை எங்கே நின்று பார்த்தாலும் அவளுக்குத் தெரியும்.

படியடியில் ஹரிஷா நின்றாள். அப்பா அவளைக் கடந்துதான் ஏறினார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். பக்கத்துக் கட்டடத்து ஆட்களுக்கு 'குருயெட்சி' என்று வணக்கம் சொல்லித் தலையாட்டுவது போல.

சுகந்திக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. "ஆரிட்டக் களவெடுத்தனாங்கள்? என்ன குற்றம் செய்தனாங்கள்?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டாள். பக்கத்தில் பிள்ளையைத் தோளில் வைத்திருந்த சுவிஸ்காரன் திரும்பிப் பார்த்தான். பார்க்கட்டும் என்று நின்றாள்.

விமானத்துக்குள் நடந்தது அவளுக்குத் தெரியாது. பதின்மூன்று மணித்தியாலமாகக் குடித்து முடித்த நூடில்ஸ் குவளைகள். கம்பளத்தில் ஊற்றிக் காய்ந்த சூப். எட்டுக் கழிவறை. இருநூற்றுத் தொண்ணூறு இருக்கைப் பைகள், ஒவ்வொன்றுக்குள்ளும் கைவிட்டுப் பார்க்க வேண்டும், அது பாதுகாப்புச் சட்டம். குழுவில் ராசா ஒரு வரிசை முடிக்கும்போது மேர்சி அடுத்த வரிசையில் முழங்காலில் நின்றாள். பதினான்கு பேர் முப்பத்தைந்து நிமிடத்தில் முடிக்கிற வேலை ஆறு பேருக்கு ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. ஆறு பேருக்கு அதைவிட வேகமாக யாரும் செய்திருக்க முடியாது.

இரண்டு ஐம்பதுக்கு விமானம் கிளம்பியது. ஒரு மணி நாற்பது நிமிடம் தாமதம். நாற்பத்தைந்து நிமிடம் வரும்போதே பிந்தியது, அதில் சண்டையில்லை. மிச்சம் ஐம்பத்தைந்து நிமிடத்துக்குத்தான் ஒரு இலக்கம் எழுத வேண்டியிருந்தது.

* * *

அலுவலகத்துக்குப் போகும் நடைபாதையில் மேர்சி வழிமறித்தாள். மன்னார்க்காரி. வாய்க்குப் பயம் தெரியாதவள். மேலங்கியின் முழங்கை வரை ஈரமாக இருந்தது.

"பிள்ளை, உன்ர கொப்பர் என்ன செய்தவர் எண்டு தெரியுமோ?"

"என்னக்கா?"

"முப்பத்தஞ்சில கையெழுத்து வைச்சிட்டார்."

ஹரிஷாவுக்கு முதலில் விளங்கவில்லை.

"அந்தக் கொரியாக்காரர் படியடியில தாளை நீட்டினவர். 'முப்பத்தஞ்சு இல்லையெண்டால் ஒன்பது போடவேணும், ஒன்பது எண்டால் திட்டத்தில கையெழுத்து வைச்ச பிள்ளை வீட்டை போகவேணும்' எண்டு சொன்னவர். ஆரின்ர பிள்ளை எண்டு தெரியாமல் சொன்னவர். சிவலிங்கண்ணை ஒண்டும் கதைக்கேல்லை. பேனாவை வாங்கினார், வைச்சார்."

ஹரிஷா அலுவலகப் பக்கம் திரும்பினாள்.

"உன்னில எனக்குக் கோவமில்லை" என்றாள் மேர்சி. "ஆனால் கேள். அந்தத் தாளில அவரின்ர பேர் மட்டும் இல்லை. எங்கள் ஆறு பேரின்ர பேரும் கிடக்கு. மூண்டு முப்பத்தஞ்சு விழுந்தால் இவங்கள் எங்கட ஒப்பந்தத்தை வெட்டலாம். முதல் நாளே ஒண்டு விழுந்திட்டுது. அவருக்கு நீ ஒரு பிள்ளை. எனக்கு ரெண்டு. தன்ர பிள்ளையைக் காப்பாத்த என்ர பேரை ஏன் எழுதிக் குடுத்தவர்?"

நியாயமான கேள்வி என்று ஹரிஷாவுக்குத் தெரியும். அவள் மேர்சியின் ஈரக் கையைப் பிடித்து, "நான் பாக்கிறன் அக்கா" என்று மட்டும் சொன்னாள். நேரே போய் அலுவலகக் கதவைத் திறந்தாள்.

குவோன் மேசையில் தாள் இருந்தது. அப்பாவின் கையெழுத்து. பாடசாலை அறிக்கைகளில் அவள் பார்த்து வளர்ந்த அதே கையெழுத்து.

"அறிக்கையில் நான் ஒன்பது எழுதப்போகிறேன்" என்றாள்.

குவோன் நிமிர்ந்தார். "ஒன்பது என்றால் உங்கள் திட்டம் பிழை என்று நீங்களே எழுதுகிறீர்கள்."

"ஆம். ஆறு பேர் போதாது என்று தெரிந்துகொண்டே கையெழுத்துப் போட்டேன்."

"மிஸ் சிவலிங்கம், உட்காருங்கள். உங்களுக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. ஒன்பது போனால் சியோலில் உங்களை வைத்திருக்க மாட்டார்கள். எனக்கும் நல்லதில்லை. குழுத் தலைவரே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவருக்கு இல்லாத கவலை உங்களுக்கு எதற்கு?"

"அவர் பொய் சொல்லியிருக்கிறார்."

"தன் மேலேயே பழியைப் போட்டு யார் பொய் சொல்வார்கள்?"

"அப்பாமார் சொல்வார்கள்" என்றாள் ஹரிஷா.

குவோன் புரியாமல் பார்த்தார்.

"அவர் என் அப்பா. அவருடைய பெயர் சிவலிங்கம். கந்தையா என்பது என் தாத்தாவின் பெயர். எங்கள் ஆட்களிடம் தகப்பன் பெயர்தான் பிள்ளையின் பெயருக்குப் பின்னால் வரும். இந்த இரண்டரை மாதமும் நீங்கள் என்னைக் கூப்பிட்டது அவருடைய பெயரைச் சொல்லித்தான்."

குவோன் அவளுடைய கோப்பைத் திறந்தார்.

"வேலைப் படிவத்தில் 'இல்லை' என்று..."

"அதுவும் பொய். அதிலும் என் கையெழுத்துத்தான். இரண்டு தாளில் பொய்க்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன் மிஸ்டர் குவோன். மூன்றாவதில் போட மாட்டேன்."

குவோன் தொலைபேசியை எடுத்து ஹெர் கந்தையாவை வரச் சொன்னார்.

* * *

சிவலிங்கம் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். மகளைப் பார்க்கவில்லை. குவோன் ஜெர்மனில் ஒரே கேள்விதான் கேட்டார்: "இவர் உங்கள் மகளா?"

"நைன்" என்று ஜெர்மனில் மறுத்தார் சிவலிங்கம்.

யோசிக்கவே இல்லை. நாலு வருடப் பழக்கம்.

"அப்பா" என்றாள் ஹரிஷா தமிழில். "நான் சொல்லிப்போட்டன்."

அவர் திரும்பினார். முகம் கறுத்தது. "ஏனடி சொன்னனீ?"

"சொல்லாமல்?"

"மூளை இருக்கோ உனக்கு? நான் முழங்காலில நிண்டு புட்ஸ் வேலையெண்டு கூட்டித் துடைச்சது நீ நிமிந்து நிக்கவேணும் எண்டுதானே! கையில வந்த வேலையைத் தூக்கிக் குடுத்துப்போட்டு நிக்கிறாய்!"

"நிமிந்து நிக்கிறதெண்டால் இப்பிடித்தானப்பா நிக்கவேணும்! நீங்கள் முப்பத்தஞ்சில கையெழுத்து வைக்க நான் கதிரையில இருந்து பாக்கிறதோ நிமிந்து நிக்கிறது?"

"என்ர குழு, என்ர கையெழுத்து, உனக்கென்ன?"

"உங்கட குழுவில மேர்சியக்கா இல்லையோ? ராசா அண்ணை இல்லையோ? என்னைக் காப்பாத்த அவையின்ர பேரை எழுத உங்களுக்கு ஆர் உரிமை தந்தது?"

சிவலிங்கம் தலை குனிந்தார். தொப்பியைப் பார்த்தார். அந்த மனிதர் தன் பெயரை விட்டுக்கொடுக்கும்போது மற்ற ஐந்து பெயர்களை நினைக்கவே இல்லை. அது அவருக்கு இப்போதுதான் உறைத்தது.

குவோனுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் இவர்கள் தகப்பனும் மகளும் என்பதற்கு அவருக்கு இனி வேறு சாட்சி தேவைப்படவில்லை. இப்படிச் சண்டை பிடிப்பவர்கள் எந்த நாட்டிலும் அப்பனும் பிள்ளையுமாகத்தான் இருப்பார்கள்.

சிவலிங்கம் மேசைக்குக் கிட்டப் போனார். உடைந்த ஜெர்மனில், ஆனால் உடையாத குரலில், "ஹெர் குவோன், காலையில நீங்கள் ஒரு கதை சொன்னீங்கள். பதினொரு பேர் ஒரு விமானம் கழுவினது. அதில எத்தனை இருக்கை?" என்று கேட்டார்.

"அறுபத்தாறு."

"எவ்வளவு நேரம் எடுத்தது?"

குவோன் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். அந்தக் கதையில் மட்டும் அவரால் பொய் சொல்ல முடியாது. "ஞாயிற்றுக்கிழமை முழுவதும்" என்றார் கடைசியில்.

"எனக்கு ஆறு பேர். இருநூற்றுத் தொண்ணூறு இருக்கை. நான் கையெழுத்துப் போட்டது பொய். அதை வெட்டிவிடுங்கள்."

குவோன் எழுந்து ஜன்னலுக்குப் போனார். கண்ணாடிக்கு அப்பால் அடுத்த விமானத்துக்கு யாரோ படியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்து, தாளை எடுத்து, முப்பத்தைந்தின் மேல் ஒரு கோடு போட்டார்.

"அறிக்கையை அனுப்புங்கள், மிஸ் சிவலிங்கம். நான் தடுக்க மாட்டேன்" என்றார். "ஆனால் அந்த வேலைப் படிவத்தை நான் மறைக்க முடியாது. நாளை காலை எட்டு மணிக்குச் சியோலுடன் பேச வேண்டியிருக்கும். அவர்கள் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்."

ஹரிஷா உட்கார்ந்தாள். ஒன்பது என்று அடித்தாள். பொறுப்பாளர் என்ற இடத்தில் தன் பெயரை முழுதாக எழுதினாள். பயமாகத்தான் இருந்தது. அனுப்பினாள்.

* * *

ரயில் நிலையத்துக்கு இறங்கும் படியடியில் சுகந்தி நின்றாள். கணவனும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் நடந்து வருவதைப் பார்த்ததும் எதிரே ஓடி வந்தாள்.

"என்ன ரெண்டு பேரும் ஒண்டா வாறியள்? ஆரும் செத்துப்போச்சினமோ?"

"உன்ர மகள் வேலையைக் கவிட்டுப்போட்டு வாறாள்" என்றார் சிவலிங்கம்.

"கவிழ்க்கேல்லை அம்மா. வேலையை ஒழுங்காச் செய்தனான்" என்றாள் ஹரிஷா. "அப்பா எனக்கு அப்பா எண்டும் சொல்லிப்போட்டன்."

சுகந்தி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். என்ன நடந்தது, வேலை இருக்குமா, போகுமா என்று கேட்க நூறு கேள்வி இருந்தது. மகளின் கன்னத்தை ஒரு தரம் தடவினாள். பிறகு கணவனைப் பார்த்து, "நீங்கள் அதுக்கு என்ன சொன்னனீங்கள்?" என்றாள்.

"முதல்ல இல்லையெண்டுதான் சொன்னனான்" என்றார் சிவலிங்கம். வெட்கப்பட்டார். சுகந்தி அதை அவருக்கு இலேசில் மன்னிக்கப்போவதில்லை என்று நினைக்கிறேன்.

மூவரும் ஒரே கோச்சியில் ஏறினார்கள். ஓர்லிகோன் நிலையம் தாண்டும்போது ஹரிஷாவின் கைப்பேசி அதிர்ந்தது. சியோலில் அப்போது நள்ளிரவு. முதல் விமானத்தின் நாள் என்பதால் அங்கே யாரோ தூங்காமல் இருந்திருக்கிறார்கள்.

அவள் படித்தாள். மறுபடி படித்தாள். பிறகு கைப்பேசியை அப்பாவிடம் நீட்டினாள்.

ஒன்பதைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. அப்பாவைப் பற்றியும் இல்லை. வியாழக்கிழமை விமானத்துக்கான திட்டம் மட்டும் வந்திருந்தது. செலவைக் குறைக்கும் பிரிவிலிருந்து யாரோ ஒருவர், முதல் நாள் தாமதத்தால் ஏற்பட்ட செலவை ஈடுகட்ட, துப்புரவாளர் தொகையைத் திருத்தியிருந்தார். பதினான்கு இல்லை. ஆறும் இல்லை. நான்கு. இன்று இரவு எட்டு மணிக்குள் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டுமாம். கீழே அவளுடைய பெயர் ஏற்கனவே அச்சாகியிருந்தது.

"நாலு பேரோ?" என்றாள் சுகந்தி எட்டிப் பார்த்து. "இவங்களுக்கு விசரோ?"

சிவலிங்கம் கண்ணாடியைக் கழற்றினார். "என்ன செய்யப்போறாய் பிள்ளை?"

இருபத்தேழு வருடத்தில் வேலையைப் பற்றி அவர் மகளிடம் கேட்ட முதல் கேள்வி அது.

"கையெழுத்து வைக்கமாட்டன்" என்றாள் ஹரிஷா. "நாளைக்கு எட்டு மணிக்கு என்னை நிப்பாட்டினால் வேற ஆரும் வைப்பினம். அப்ப உங்களிட்ட நாலு பேர் எண்டு தாள் வரும். அப்பா, வியாழக்கிழமை நீங்கள் ஒரு ஆளையும் அந்தப் பிளேனுக்குள்ள ஏத்தாதேங்கோ."

கோச்சி ஹார்ட்புறூக்கேயில் நின்றது. கதவு திறந்தது, சனம் ஏறியது, கதவு மூடியது. சிவலிங்கம் யோசித்துக்கொண்டிருந்தார். விமானம் வந்து நின்றால் ஏற வேண்டும் என்பதைத் தவிர வேறொன்றும் செய்து பழகாத மனிதர்.

"நாலு பேர் ஏறாமல் நிண்டால் ஒருத்தரும் திரும்பிப் பாக்கமாட்டாங்கள்" என்றார் மெதுவாக. பிறகு சட்டைப்பையிலிருந்து தன் கைப்பேசியை எடுத்து மேர்சியின் இலக்கத்தைத் தேடத் தொடங்கினார். "லீவில நிக்கிற ஆக்களையும் கூப்பிடுறன். நீ எழுதின அந்தப் பதினாலு பேரும் வந்து படியடியில வரிசையா நிப்பம். எல்லாரும் பாக்க நிண்டுதான் ஏறாமல் விடுவம்."